அம்மாவின் மாத்திரைப் பட்டியலுக்கு யாருடைய சம்மதம் வேண்டும்?

கேள்வி:

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்பது மாதமாக ஒரு செயலி செய்து வருகிறோம். வயதான பெற்றோர் வேளாவேளைக்கு மாத்திரை போட்டார்களா என்று தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்வதற்கான செயலி. பிள்ளை பதிவு செய்து, அம்மா அல்லது அப்பாவின் மாத்திரை விவரங்களை ஏற்றுவார். நேரத்துக்குப் பெற்றோரின் போனில் மணி அடிக்கும். "போட்டாச்சு" என்று அவர்கள் தொட்டால் பிள்ளைக்குத் தகவல் போகும். இப்போது சுமார் 400 குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. பெற்றோர் பெரும்பாலும் இந்தியாவில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும், நான்கைந்து பேர் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு மருத்துவமனைக் குழுமம், தங்கள் நோயாளிகளுக்கு இதைக் கொடுக்க விரும்புவதாகச் சொல்லி, 90க்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை அனுப்பியது. பாதி எங்களுக்குப் புரியவே இல்லை. அதே வாரம் ஒரு முதலீட்டாளரும், "தரவுப் பாதுகாப்புச் சட்டமெல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். எங்களிடம் இருக்கும் தனியுரிமைக் கொள்கை, வேறொரு செயலியிலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியது. கூட்டாளி ஒருவர், "மூன்று பேர் கம்பெனியை யார் வந்து பார்க்கப் போகிறார்கள், முதலில் வளர்வோம்" என்கிறார். இன்னொருவர் உடனே வக்கீல் வைக்க வேண்டும் என்கிறார். கையிருப்பு ஏழு மாதத்துக்குத்தான் வரும். என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம்

பதில்:

உங்கள் கூட்டாளிகள் இருவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதிகாரி வருவாரா என்று ஒருவர், வக்கீல் வருவாரா என்று மற்றவர். முதலில் வீட்டுக்குள் என்ன சேர்ந்து கிடக்கிறது என்று பார்த்து, எந்தத் தரவு எங்கே இருக்கிறது, யாரிடம் போகிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். செலவில்லாத வேலை. மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

நீங்கள் அனுப்பியிருந்த பதிவுத் திரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொத்தம் 14 பெட்டிகள். பெற்றோரின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம், வீட்டு முகவரி, ரத்த வகை, அரசு அடையாள அட்டை எண், நோயின் பெயர், டாக்டரின் பெயர் என்று போகிறது. மணி அடிக்க இதில் எது வேண்டும்? போன் எண், நேரம், எந்த மாத்திரை என்பதற்கு ஓர் அடையாளம். அவ்வளவுதான். முழுப்பெயர்கூட வேண்டாம், "அம்மா" என்று இருந்தாலே வேலை நடக்கும். மாத்திரையின் பெயரைக்கூடக் கட்டாயமாக்காதீர்கள். "காலையில் சின்ன வெள்ளை மாத்திரை" என்று அவர்களே எழுதிக்கொள்ள இடம் விடுங்கள். மாத்திரையின் பெயர் தெரிந்தால் நோய் தெரிந்துவிடும். பல மாத்திரைகள் ஒரே ஒரு நோய்க்குத்தான் தரப்படுகின்றன.

அடையாள அட்டை எண் எதற்கு என்று உங்கள் மூவரில் யாராலும் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். "பின்னால் தேவைப்படலாம்" என்றுதான் வரும். இளம் நிறுவனங்களோடு வேலை செய்த இத்தனை வருடங்களில் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் அதுதான். பின்னால் அதிகமான சிக்கலைக் கொண்டுவந்ததும் அதுதான். வாங்காத எண்ணைப் பூட்டி வைக்க வேண்டாம், அழிக்க வேண்டாம், திருடு போனால் யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டுமே தரவு எடு என்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இன்னும் நேராகவே பேசுகிறது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்கான விவரங்களோடு போனில் உள்ள தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுமதி கேட்கிறது. பயனரும் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்லியிருந்தாலும் அந்தச் சம்மதம் சிகிச்சைக்குத் தேவையான தரவுக்கு மட்டும்தான் செல்லும், தொடர்பு எண்களுக்குச் செல்லாது என்கிறது சட்டம். "பயனர் ஒத்துக்கொண்டாரே" என்ற பதில் தேவையில்லாத தரவைக் காப்பாற்றாது. உங்களுடையதும் உடல்நலச் செயலிதான், அதனால் இந்த எடுத்துக்காட்டை மூவரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, "மூன்று பேர் கம்பெனியை யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற கேள்விக்கு வருவோம்.

சட்டம் ஆளெண்ணிக்கையைப் பார்த்து விலகிக்கொள்வதில்லை. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆரில் 250 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு ஒரு சலுகை உண்டு. அதைப் பலர் முழு விலக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பதிவேடு வைக்கும் கடமை ஒன்றுக்கு மட்டும்தான். தரவை எப்போதாவது இல்லாமல் வாடிக்கையாகக் கையாண்டாலோ, உடல்நலத் தரவு இருந்தாலோ அந்தச் சலுகையும் போய்விடும். உங்களுக்கு இரண்டுமே பொருந்துகிறது. சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனமும், எத்தனை சின்னதாக இருந்தாலும், தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். அது உங்களில் ஒருவராகவே இருக்கலாம். இந்தியச் சட்டம், ஸ்டார்ட்அப்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளிக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் அரசு அப்படி அறிவித்தால்தான் அந்த விலக்கு. அதிலும் தரவைப் பாதுகாக்க வேண்டும், கசிந்தால் சொல்ல வேண்டும் என்ற கடமைகள் விலக்குப் பட்டியலில் இல்லை. கலிபோர்னியா மாதிரி சில இடங்களில் மட்டும், இத்தனை வருவாய், இத்தனை பேரின் தரவு என்று ஒரு வாசற்படி வைத்து அதற்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிடுகிறார்கள்.

நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதும் காப்பாற்றாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்கினால் ஜிடிபிஆர் வரும். இந்தியாவில் உள்ளவர்களுக்கு வழங்கினால், உங்கள் சர்வர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இந்தியச் சட்டம் வரும்.

இதில் ஜெர்மனியைப் பற்றி ஒரு முடிவு எடுக்கச் சொல்வேன். அந்த நான்கைந்து பேர் தாங்களாகத் தேடி வந்தவர்கள். ஒரு தளம் ஐரோப்பாவிலிருந்து திறக்க முடிகிறது என்பதாலேயே அங்கே சேவை வழங்குவதாக ஆகிவிடாது. அந்த நாட்டு மொழியில் பக்கம் வைத்தீர்களா, யூரோவில் விலை போட்டீர்களா, அங்குள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தீர்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஏழு மாதக் கையிருப்பில் ஐரோப்பாவைக் குறிவைக்காதீர்கள். அங்கே விளம்பரம் வேண்டாம், யூரோ விலை வேண்டாம். அந்தச் சந்தைக்குப் போகலாம் என்று ஒருநாள் தோன்றும்போது, அதற்கான பணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். இப்படி ஒரு சந்தையைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம் இல்லை.

ஏனென்றால் சுமை உண்மையானது. இந்தச் சட்டங்கள் சின்ன நிறுவனங்களை ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னால் அது பொய். 2022ல் நான்கு பொருளியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, 2016 முதல் 2019 வரை கூகுள் ப்ளே ஸ்டோரில் இருந்த 41 லட்சம் செயலிகளைப் பார்த்தது. ஜிடிபிஆரின் காரணமாக மூன்றில் ஒரு பங்கு செயலிகள் வெளியேறின, புதிதாக வரும் செயலிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. பெரிய நிறுவனத்துக்குச் சட்டப் பிரிவு என்று ஒரு மாடியே இருக்கும். உங்களுக்கு நிரல் எழுதுபவர்தான் சட்டமும் படிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு வருத்தம் தருகிறது, அதைச் சட்டம் எழுதுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பது 400 குடும்பங்கள், ஒரு டேட்டாபேஸ். இன்று ஒரு நாளில் மாற்றக்கூடியதை, நான்கு லட்சம் குடும்பங்கள் வந்த பிறகு ஆறு மாதம் உட்கார்ந்து மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், அதிகாரி வருவாரா என்ற கேள்வியே கொஞ்சம் தள்ளி நிற்கிறது. உங்கள் கதவை முதலில் தட்டியது யார்? மருத்துவமனை, முதலீட்டாளர். பெரும்பாலான ஸ்டார்ட்அப்களுக்கு இந்தச் சட்டங்கள் இப்படித்தான் வந்து சேருகின்றன. அபராதத்தின் அளவைப் பார்த்தால் காரணம் புரியும். ஜிடிபிஆரில் உச்சபட்சம் 2 கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அது. இந்தியாவில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தத் தொகை கண்ணில் படுவது மருத்துவமனைக்கு. நோயாளிகளின் தரவை உங்களிடம் கொடுத்த பிறகு உங்கள் கையில் தப்பு நடந்தாலும், இந்தியச் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். அதனால்தான் 90 கேள்விகள்.

அந்தக் கேள்விகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். திருப்பித் திருப்பி ஆறேழு விஷயங்களைத்தான் கேட்கிறார்கள். தரவு எந்த நாட்டில் இருக்கிறது? யார் யார் பார்க்க முடியும்? வேலையை விட்டுப் போனவரின் அனுமதி எப்போது நீக்கப்படும்? உங்களுக்குப் பின்னால் வேறு எந்த நிறுவனங்களிடம் தரவு போகிறது? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? கசிந்தால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? சனிக்கிழமை உட்கார்ந்து எழுதிய பட்டியல் கையில் இருந்தால் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைக்கும். இல்லாததை இருக்கிறது என்று எழுதாதீர்கள். "இப்போது இல்லை, இன்ன தேதிக்குள் செய்துவிடுவோம்" என்று எழுதுங்கள். அந்தப் பதிலைப் பார்த்து ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகிப்போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. பொய்யாக "ஆம்" என்று எழுதி, அது ஒப்பந்தத்தின் இணைப்பாகி, பின்னால் கழுத்தைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நேரடியாகப் பதிவு செய்த 400 குடும்பங்களின் தரவுக்கு நீங்கள்தான் பொறுப்பாளர். மருத்துவமனை வழியாக வரும் நோயாளிகளின் தரவுக்கு மருத்துவமனை பொறுப்பாளர், நீங்கள் அவர்கள் சொன்னதைச் செய்பவர். இந்த இரண்டு வேடங்களையும் ஒரே டேபிளில் போட்டுக் குழப்பாதீர்கள். மருத்துவமனை கொடுத்த தரவைக் கொண்டு உங்கள் சொந்த ஏஐ மாடலைப் பழக்குவதோ, புதிய வசதியை விளம்பரம் செய்ய அந்த எண்களுக்குச் செய்தி அனுப்புவதோ கூடாது. முதல் நாளே தனியாகப் பிரித்து வையுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனதில் நிற்கும் விஷயம். கேள்வித்தாளில் இது இருக்காது. முதலீட்டாளரும் கேட்க மாட்டார்.

பதிவு செய்பவர் மகன். "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துபவரும் மகன். தரவு யாருடையது? அம்மாவுடையது. அவர் எந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார், எந்த நாளில் தவறவிட்டார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது வரை அதில் இருக்கிறது. அவரைக் கேட்டீர்களா?

அன்பு இருக்கிறது, அக்கறை இருக்கிறது. ஆனால் சட்டம் சம்மதத்தை அந்தத் தரவுக்கு உரியவரிடம்தான் கேட்கச் சொல்கிறது. தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய வயதான ஒருவருக்காக அவர் மகன் சம்மதம் கொடுக்க முடியாது. குழந்தைக்குப் பெற்றோர் சம்மதம் கொடுப்பது போல இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளக் கூடாது. சட்டத்தை விடுங்கள். 70 வயதில் ஒருவர் தன் உடம்பைப் பற்றி மகனிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று தானே முடிவு செய்கிறவராக இருப்பார். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதைப் பிள்ளையிடம் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. உங்கள் செயலி அந்த உரிமையை அவருக்குத் தெரியாமலே எடுத்துவிடக் கூடாது.

இதற்கு ஒரே ஒரு திரை போதும். பிள்ளை பதிவு செய்ததும் அம்மாவின் போனில் முதலில் வர வேண்டிய திரை. பெரிய எழுத்தில், அவர் படிக்கும் மொழியில், நான்கு வரி: "உங்கள் மகன் உங்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்ட இதை வைத்திருக்கிறார். நீங்கள் மாத்திரை போட்டீர்களா என்பது அவருக்குத் தெரியும். எந்த மாத்திரை என்பது தெரியலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லலாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்." கீழே "சரி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான்கள், ஒரே அளவில், ஒரே நிறத்தில். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதையே குரலில் சொல்லும் ஒரு பொத்தான். அவர் "சரி" என்று தொடும் வரை எதுவும் பதிவாகக் கூடாது. பிறகு எப்போதாவது நிறுத்த நினைத்தால், தொடங்கியதைப் போலவே ஒரே தொடுதலில் நிறுத்த முடிய வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று ஜிடிபிஆரும் இந்தியச் சட்டமும் சொல்கின்றன. ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். தமிழும் அதில் இருக்கிறது. இந்த விதியைச் சுமை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். உங்கள் செயலிக்கு அது சுமை இல்லை. அம்மா படிக்காத மொழியில் கேட்டால் கேட்டதாகவே ஆகாது.

அடுத்து, கவனிக்காமல் வெளியே போகும் தரவு. செயலி எங்கே நின்றுபோகிறது, எந்தப் பக்கத்தை அதிகம் பார்க்கிறார்கள் என்று அறிய இலவச அனலிடிக்ஸ் எஸ்டிகே (வேறொரு நிறுவனம் தரும் தயார் நிரல் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்திருப்பதாகத் திரைப் படத்தோடு வந்த குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன பெயரில் நிகழ்வுகளை, அதாவது பயனர் செய்யும் ஒவ்வொன்றையும் பற்றிய குறிப்பை, அனுப்புகிறீர்கள் என்று நிரலைத் திறந்து பாருங்கள். "பொத்தான் 3 தொடப்பட்டது" என்று போனால் ஒன்றும் இல்லை. "சர்க்கரை மாத்திரை தவறியது" என்று போனால், போனின் விளம்பர அடையாள எண்ணோடு சேர்ந்து ஒருவரின் நோய் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போகிறது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021ல் ஃப்ளோ என்ற மாதவிடாய்க் குறிப்புச் செயலியோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பின்னணி இதுதான். தனிப்பட்டதாக வைப்போம் என்று சொல்லிவிட்டு, கர்ப்பம் தொடர்பான விவரம் தெரியும்படியான நிகழ்வுப் பெயர்களை ஃபேஸ்புக், கூகுள் முதலியவற்றின் அனலிடிக்ஸ் சேவைகளுக்கு அனுப்பியது என்பது கமிஷன் வைத்த குற்றச்சாட்டு. நிகழ்வுக்குப் பெயர் வைப்பது ஒரு டெவலப்பர் ஐந்து நொடியில் முடிக்கும் வேலை. அந்த ஐந்து நொடியில் யாரும் நோயாளியை நினைப்பதில்லை.

அழிப்பது பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு சின்ன நிறுவனத்தில் பயனர் ஒருவர், "என் கணக்கை அழித்துவிடுங்கள்" என்று எழுதினார். அவர்கள் "அழி" பொத்தானை அழுத்திவிட்டு முடிந்தது என்று நினைத்தார்கள். நான் கேட்டேன், எங்கெல்லாம் அவர் இருக்கிறார் என்று. தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. டேபிளில் வரி அப்படியே இருந்தது, "நீக்கப்பட்டது" என்ற கட்டத்தில் மட்டும் ஒரு டிக். மின்னஞ்சல் அனுப்பும் சேவையில் பெயர். பிழைகளைக் குறித்துவைக்கும் லாக்கில் போன் எண். சோதனைக்காக எடுத்த டேட்டாபேஸ் நகல் ஒரு லேப்டாப்பில். எப்போதோ போய்விட்ட பயிற்சி ஊழியரின் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரி. எல்லாவற்றையும் கண்டுபிடித்து எடுக்க ஒன்பது நாள் ஆனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கவில்லை, அழிக்க வழி போடாமல் கட்டியிருந்தார்கள்.

அழிக்காமல் வைத்திருந்ததற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. எவரால்பம் என்ற நிறுவனம் புகைப்படங்களைச் சேமிக்கும் செயலி நடத்தியது. கணக்கை மூடினால் படங்கள் அழிக்கப்படும் என்று சொல்லிவிட்டு வைத்திருந்தது, பயனர்களின் படங்களைக் கொண்டு முகமறியும் மாடல்களையும் உருவாக்கியது. 2021ல் அதே கமிஷன், படங்களை மட்டுமல்ல, அவற்றைக் கொண்டு உருவான மாடல்களையும் அல்காரிதங்களையும் சேர்த்து அழிக்க உத்தரவிட்டது. ஒரு ஸ்டார்ட்அப்புக்கு மாடல்தான் சொத்து. தவறான வழியில் வந்த தரவின் மேல் கட்டினால் கட்டடமும் சேர்ந்து போகும் என்று முதலீட்டாளர்கள் இப்போது புரிந்துகொண்டிருக்கிறார்கள். உங்களிடம் கேட்டவர் சும்மா கேட்கவில்லை.

ஆகவே இந்த மாதமே "முழுமையாக அழி" என்ற ஒரு ஸ்கிரிப்டை எழுதுங்கள். பயனரின் எண்ணைக் கொடுத்தால் டேபிள், மின்னஞ்சல் சேவை, அனலிடிக்ஸ் எல்லாவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். பேக்கப் தானாக 30 நாளில் அழியும்படி வையுங்கள். உங்களில் ஒருவர் பொய்க்கணக்கு ஒன்றைத் தொடங்கி அழித்துப் பார்த்து, எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். பாதுகாப்பு லாக்குகளை ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் இந்திய விதிகள் போன்றவை இருப்பதால், எதை அழிப்பது, எதைச் சட்டப்படி வைத்திருப்பது என்று தனியாக எழுதி வையுங்கள். அந்த லாக்கில் மாத்திரைப் பெயர் வரக் கூடாது.

கசிவு நடந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜிடிபிஆரில் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால், அல்லது பெரிய தீங்கு வரும் என்றால், அப்படி என்று உறுதியானதும் 3 நாளுக்குள் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டத்தில் சின்ன கசிவு, பெரிய கசிவு என்ற பாகுபாடே இல்லை. தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அது கடகடவென்று ஓடிவிடும்.

சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வோமே என்று தோன்றும். 2018ல் ஜெர்மனியில் க்னுடல்ஸ் என்ற அரட்டைத் தளத்தில் சுமார் 3,30,000 பேரின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் திருடு போயின. பாஸ்வேர்டுகளை மறையாக்கம் செய்யாமல் அப்படியே வைத்திருந்தார்கள், அது பெரிய தவறு. ஆனால் அவர்களே முன்வந்து அதிகாரியிடம் சொன்னார்கள், பயனர்களிடம் சொன்னார்கள், அதிகாரி சுட்டிய ஓட்டைகளையெல்லாம் உடனே அடைத்தார்கள். அபராதம் 20,000 யூரோவோடு நின்றது. அவர்கள் ஒத்துழைத்த விதம்தான் தொகை குறைந்ததற்குக் காரணம் என்று அதிகாரியே அறிவித்தார். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு: நள்ளிரவில் தெரிந்தால் மூவரில் யார் யாருக்கு போன் செய்வது, சர்வருக்குள் நுழையும் எந்த ரகசியச் சாவியை உடனே மாற்றுவது, பயனர்களுக்கு அனுப்பும் கடிதத்தின் வரைவு. மருத்துவமனையின் கேள்வித்தாளிலும் இது நிச்சயம் இருக்கும்.

இரவல் வாங்கிய தனியுரிமைக் கொள்கையை இன்றே எடுத்துவிடுங்கள். அதில் நீங்கள் செய்யாததைச் செய்வதாக எழுதியிருக்கும், செய்வதை எழுதியிருக்காது. மேலே சொன்ன இரண்டு அமெரிக்க வழக்குகளிலும் பிடி கிடைத்தது சொன்னதற்கும் செய்ததற்கும் நடுவில்தான். உங்கள் பட்டியலைப் பார்த்து நீங்களே ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். எதை எடுக்கிறோம், ஏன், எங்கே வைக்கிறோம், யாருக்குப் போகிறது, எப்போது அழிப்போம், கேள்வி இருந்தால் யாரிடம் கேட்பது. பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

வக்கீல் வேண்டுமா? வேண்டும், ஆனால் மாதச் சம்பளத்துக்கு அல்ல. பட்டியல், புதிய பதிவுத் திரை, அம்மாவுக்கான திரை, கொள்கையின் வரைவு, இந்த நான்கும் தயாரான பிறகு தரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் போங்கள். வெறுங்கையோடு போனால் உங்கள் தொழிலைப் புரிந்துகொள்ளவே அவருக்குப் பத்து மணி நேரம் ஆகும், அதற்கும் நீங்கள்தான் கட்டணம் கொடுப்பீர்கள். மருத்துவமனையோடு போடும் தரவுக் கையாளல் ஒப்பந்தத்தை மட்டும் அவர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லாமல் ஒரு வரி இருந்தால், உங்கள் ஏழு மாதக் கையிருப்பு ஒரு நாளில் போய்விடும். உச்சவரம்பு கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

முதலீட்டாளருக்கு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுத வேண்டாம். 14 பெட்டிகளில் எத்தனையைக் குறைத்தீர்கள், ஏற்கெனவே வாங்கிய அடையாள அட்டை எண்களை எந்தத் தேதியில் அழித்தீர்கள், எந்தச் சந்தையை ஏன் தள்ளி வைத்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள்.

400 அம்மா அப்பாக்களிடமும் இன்னும் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மருத்துவமனைக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அந்தத் திரையை முடியுங்கள். முடிந்ததும் படத்தை அனுப்பி வையுங்கள், எழுத்தின் அளவு போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.